சுவரில் ஒட்டிய நாலாம் நம்பர் கண்ணாடி

ஹட்டனிலிருந்து டிக்கோயா பக்கம் போகும் ரோட்டில் எந்த வளைவில் நின்றவருக்கும் என் குரல் ஒரு தடவையாவது காதில் விழுந்திருக்கும். முகம் தெரியாது, குரல் தெரியும். ஆட்டோ கூரையில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு கையில் ஹேண்டில், மறுகையில் மைக். கோயில் திருவிழா, மரண அறிவித்தல், செருப்புக்கடை மலிவு விற்பனை, எல்லாவற்றுக்கும் ஒரே தொண்டைதான். சில வருஷமாக வெள்ளிக்கிழமைகளில் பிரதேச சபையின் வாராந்த அறிவித்தலும் அந்தத் தொண்டைக்கு வந்து சேர்ந்தது. எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்த லைட்டுக் கம்பத்தைப் பிடுங்கி நடுகிறார்கள், குப்பை லொறி எப்போது வரும், தீப்பிடித்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த மேட்டில் மண்சரிவு எச்சரிக்கை. சபை ஜன்னல் வழியாக ஒரு தாளை நீட்டுவார்கள். நான் ஊரெல்லாம் சுற்றி வாசித்துவிட்டு வருவேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் வாசிக்கிற எதையும் நான் நம்புகிறவன் இல்லை.

வாசித்து வாசித்து அந்தத் தாளின் பாஷை எனக்கு அத்துப்படியாகிவிட்டது. "திருத்த வேலைகள் நடைபெற்று வருகின்றன" என்றால் ரோட்டுக் குழிக்கு முன்னால் ஒரு தார்ப் பெரலை நிறுத்தி, அதில் சிவப்புத் துணி கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். "விரைவில்" என்றால் அந்தத் துணி வெளுத்து வெள்ளையாகும் வரைக்கும். "பொதுமக்கள் பதற்றமடையத் தேவையில்லை" என்று எழுதியிருந்தாலோ, அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு வாசல் கதவில் தொங்கவிட்டுவிடுவேன். ஓடும்போது எட்டி எடுக்க வசதியாக.

எங்கள் லயம் ரோட்டுக்கு மேலே, தேயிலை முடிந்து மண்மேடு எழும்புகிற இடத்தில் இருந்தது. வரிசையாக ஏழு வீடுகள். பின்கதவைத் திறந்தால் மேடு. அந்த இடைவெளியில் ஆளாளுக்குத் தகரம் போட்டு, சமைக்க ஒரு குசினி இறக்கியிருந்தோம். என் வீடு நாலாவது. குசினிக்குக் கல் அடுக்கியது நான், பூசியது நான், கோணலாகப் போனதும் என்னால்தான்.

போன மழையில் ஏழு குசினிச் சுவர்களிலும் வெடிப்பு விழுந்தது. சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் மிஸ் வந்தார். சிங்களப் பிள்ளை, முப்பது வயசு இருக்காது. தமிழைப் பாடமாகப் படித்து எழுதிப் பாஸ் பண்ணியவர். எங்களை விடச் சுத்தமாகப் பேசினார். எனக்கு முதல் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிட்டது.

ஒவ்வொரு வெடிப்புக்கும் குறுக்கே விரல் நீளத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சீமெந்து அப்பி ஒட்டினார். மேலே கறுப்பு மார்க்கரால் வீட்டு நம்பரும் திகதியும் எழுதினார். அவருடைய நாலுக்கு மேல்பக்கம் மூடி இருக்காது, கவிழ்த்து வைத்த நாற்காலி மாதிரி இருக்கும்.

"ஐயா, சுவர் அசைந்தால் இந்தக் கண்ணாடி உடையும். உடைந்தால் உடனே எனக்கு அறிவிக்க வேண்டும்."

"ஒடஞ்சா என்னா மிஸ் செய்வீங்க?"

"மேடு நகருகிறது என்று அர்த்தம். உங்கள் எல்லோரையும் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவோம். தற்காலிகமாக."

தற்காலிகமாக. அந்தச் சொல் வெளியே வந்ததும் வாசலில் நின்ற அத்தனை பேரும், சொல்லி வைத்த மாதிரி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். எதிர் மலையில் இருந்த லயத்து ஆட்களையும் தற்காலிகமாகத்தான் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தார்கள். மூன்று வாரம் என்றார்கள். அங்கே பிறந்த பிள்ளை இப்போது அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. பாயைச் சுருட்டினால் வகுப்பு. அவர்கள் அங்கே படுத்திருந்த நேரம் அவர்களுடைய லயத்துக் கூரைத் தகரம் காணாமல் போனது, பிறகு கதவு, பிறகு ஜன்னல். இப்போது அந்த இடத்தில் மானாப்புல் ஆளுயரம் நிற்கிறது.

ஆகவே எங்களுக்கு விஷயம் தெளிவாக இருந்தது. கண்ணாடி உடைந்தால் வீடு போச்சு.

எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு பழக்கம் உண்டு. கையில் பேப்பரும் பேனையுமாக யாராவது லயத்துக்குள் ஏறி வந்தால், வந்தவர் கொடுக்க வந்தவரா எடுக்க வந்தவரா என்று முதலில் கணிப்போம். கொடுக்க வந்தவர் என்றால் வீட்டில் ஒன்பது பேர். எடுக்க வந்தவர் என்றால் நானும் என் நிழலும் மட்டும்தான். மிஸ் எடுக்க வந்தவர் என்று அன்றைக்கு ஏழு வீடும் தனித்தனியாக முடிவு செய்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

உடைந்தது ஒரு மத்தியானம். மனைவி கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். ஒரு சாயத்தண்ணி ஊற்றிக் குடிக்கலாம் என்று குசினிக்குள் போனவன் கண்ணாடியைப் பார்த்தேன். நடுவில் தலைமயிர் அகலத்துக்கு ஒரு கோடு. விரலால் தொட்டேன், இரண்டு துண்டாகக் கையில் வந்துவிட்டது.

என் வீரத்தைக் கேளுங்கள். வாசலுக்கு ஓடினேன். வாசலில் நின்று யோசித்து, திரும்பவும் உள்ளே ஓடினேன். பற்றவைக்காத அடுப்பை அணைத்தேன். பொலித்தீன் பையைக் கழுத்தில் மாட்டினேன். மேட்டைப் பார்த்து, "சத்தியமா நான் தொட்டதாலதான் ஒடஞ்சிச்சு" என்றேன், மேடு என்னவோ என்னிடம் விளக்கம் கேட்ட மாதிரி. மிஸ்ஸின் நம்பரை அடித்தேன். கடைசி இலக்கத்துக்கு முன்னால் விரல் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக எதிர் மலையும் மானாப்புல்லும் தெரிந்தன.

போனை வைத்துவிட்டுக் கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கினேன். கண்ணாடியைக் கழற்றி, துணியில் சுற்றி உடைத்து, விரல் நீளத்துக்கு ஒத்துவந்த ஒரு துண்டை எடுத்து, உடுப்புத் துவைக்கும் கல்லில் ஓரங்களைத் தேய்த்தேன். பழைய அறிவித்தல் தாளின் பின்பக்கத்தில் மிஸ்ஸின் நாலை எழுதிப் பழகினேன். பள்ளிக்கூடக் காலத்தில் அந்த அக்கறை இருந்திருந்தால் நானும் ஒரு உத்தியோகத்தர் ஆகியிருப்பேன். பின்னேரத்துக்குள் சுவரில் புதுக் கண்ணாடி, அதே நம்பர், அதே திகதி. உடைந்த துண்டுகளை ஒரு பால்மா டின்னில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். ஏன் எறியவில்லை என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மனைவி வந்து கூடையை இறக்கியதும் கேட்ட முதல் கேள்வி:

"ஏங்க, போட்டோவுல கண்ணாடி எங்க?"

"தூசி ஏறுதுன்னு கழட்டிட்டேன்."

"தூசி ஏறாம இருக்கத்தானேங்க கண்ணாடி போடுறது?"

"அது பழைய முறை."

ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மேட்டை விட எனக்குப் பயம் அதிகம்.

வியாழக்கிழமைகளில் கண்ணாடிகளைப் பார்த்துப் பதிய ஒருவரை அனுப்புவார்கள். அந்த வாரமும் வந்தார். குடையை மடக்கவில்லை. குசினிக் கதவில் நின்று கழுத்தை மட்டும் உள்ளே நீட்டினார், தாளில் ஒரு சரி போட்டார், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் ஜன்னல் வழியாக என் கைக்கு வந்த தாளில் இப்படி இருந்தது:

"மேட்டு லயத்தில் பொருத்தப்பட்டுள்ள ஏழு கண்காணிப்புக் கண்ணாடிகளும் நல்ல நிலையில் உள்ளன. பொதுமக்கள் பதற்றமடையத் தேவையில்லை."

வாசித்தேன். ரோடு முழுக்க, வளைவுக்கு வளைவு, கணீரென்று வாசித்தேன். என் கண்ணாடி பொய் என்று எனக்குத் தெரியும். மற்ற ஆறும்? அவை உண்மையாக இருக்கும்போது நான் ஏன் பயப்பட வேண்டும்? ஆறு வீட்டுக் கண்ணாடி உடையவில்லை என்றால் மேடு நகரவில்லை. கோளாறு என் சுவரில் மட்டும்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சபை அறிவித்தலை நான் நம்பினேன். அதிலும் எனக்குத் தேவையான ஆறை மட்டும்.

சரி, மேடு உடைக்கவில்லை என்றால் யார் உடைத்தது? சந்தேகம் சும்மா இருக்குமா. அது நேராக ஐந்தாம் வீட்டுக்குப் போய் நின்றது. அங்கே இருப்பது என் மனைவியின் தம்பி. அவனுக்கு ஒரு சுத்தியல் உண்டு, வேலை கிடையாது. எனக்கும் அவனுக்கும் நடுச்சுவர் பொது.

"மச்சான், இந்த வாரம் செவத்துல ஆணி அடிச்சியா?"

"இல்லையே. ஏன் மச்சான், ஒங்க பக்கம் ஏதாச்சும் ஒடஞ்சிச்சா?"

"எங்க பக்கம் என்னா ஒடையப் போகுது? ஒங்க பக்கம்?"

"எங்க பக்கம் கல்லு மாதிரி இருக்கு."

"எங்க பக்கமும் கல்லுதான்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். இரண்டு பேரின் கண்ணும் சிரிக்கவில்லை. அவன் என்னைக் குசினிக்குள் விடவில்லை. நானும் அவனை விடவில்லை.

அடுத்த நாளிலிருந்து நான் குசினியில் ஹெல்மெட் போட ஆரம்பித்தேன். மோட்டார் சைக்கிளை விற்றுப் பல வருஷமாகியும் ஹெல்மெட் மட்டும் மிச்சமிருந்தது. மனைவி தேங்காய் ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டுத் திரும்பினால் நான் ஹெல்மெட்டோடு பலகையில் உட்கார்ந்திருக்கிறேன்.

"என்னாங்க இது?"

"காது குத்துது. குளிரு."

"இத போட்டுக்கிட்டு ரொட்டிய எப்புடி திங்கப் போறீங்க?"

"முன்னுக்கு இருக்க கண்ணாடிய தூக்கிட்டு."

அடுப்பை முன்பக்கத்துக்கு மாற்றச் சொல்லியும் பார்த்தேன். காற்று நன்றாக வரும் என்றேன். "கொட்டுற மழையில காத்து எதுக்கு?" என்றாள். புகை கண்ணுக்கு ஆகாது என்றேன். "இருபது வருஷமா ஆகாத கண்ணு இப்பதான் ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சா?" என்றாள். அவளும் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள் என்பது அப்போது புரிந்தது. ஒரு நாள் ரொட்டித் தட்டை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "போட்டோவ கழட்டுறீங்க, என்னைய குசினியிலருந்து வெரட்டுறீங்க. யாருங்க அவ?"

இந்த மூஞ்சிக்கு ஒரு "அவ" இருக்கலாம் என்று அவள் நினைத்ததில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். அதற்காகவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவள் மிஸ்ஸைக் கூப்பிடுவாள். கூப்பிட்டால் மானாப்புல்.

இரண்டாவது தடவை உடைந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. இந்தத் தடவை கோடு இல்லை, இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு நெருப்புக்குச்சி நுழையும் இடைவெளி. போட்டோக் கண்ணாடி மிச்சமில்லை. சாமிப்படத்துக் கண்ணாடியில் கை வைக்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஹட்டன் டவுனுக்குப் போனேன். அங்கே படத்துக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், நானா, எனக்குப் பல வருஷப் பழக்கம். அவர் கடைத் திறப்புவிழாவுக்கு நான்தான் மைக்.

"நானா, ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு வேணும். விரல் நீளம், விரல் அகலம்..."

நான் முடிக்கவில்லை. நானா மேசைக்குக் கீழே குனிந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே விரல் நீளத்தில் வெட்டி, ஓரம் தேய்த்து, பேப்பர் வைத்து அடுக்கிய கண்ணாடித் துண்டுகள்.

"எத்தின வேணும்?"

"என்னா நானா, வெட்டியே வச்சிருக்கீங்க?"

"ஒங்கட லயத்து ஆக்கள் ஒவ்வொருத்தரா வந்து கேக்கக்குள்ள நான் என்ன செய்ற? ஒவ்வொரு தரமும் வெட்ட ஏலாதே. அதான் ஒரேயா வெட்டி வெச்ச."

"எங்க லயத்து ஆளுங்களா?"

"ஓம். ஒங்கட மச்சான் ரெண்டு தரம் வந்தார். கடைசி வீட்டு அக்கா மூணு தரம். மத்த ஆக்களும் வந்தாங்க. எல்லாரும் ஒரே சைஸ், எல்லாரும் யாருக்கும் செல்ல வேணாம் எண்டு செல்றாங்க. நான் நெனச்ச, கோயில்ல ஏதோ கண்ணாடி ஒட்டுற நேர்த்தி போல எண்டு." டின்னை என் பக்கம் தள்ளினார். "ஒங்கள மட்டும்தான் காணல்ல. நீங்க சபை அறிவித்தல் வாசிக்கிற ஆள், ஒங்களுக்கு அவங்களே தருவாங்க போல எண்டு நெனச்சேன்."

நான் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன். ஆட்டோ ஸ்டார்ட் ஆகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன், நான் செருகிக்கொண்டிருந்தது வீட்டுச் சாவி.

ஏழும் பொய். நான் மற்ற ஆறு பேரையும் நம்பிப் படுத்திருந்தேன், அவர்கள் ஒவ்வொருவரும் மிச்சம் ஆறு பேரை நம்பிப் படுத்திருந்தார்கள். எல்லோரையும் வாராவாரம் தூங்கவைத்த தாலாட்டு என் ஸ்பீக்கரிலிருந்துதான் போயிருக்கிறது.

சபை ஜன்னலில் அன்றைய தாளை நீட்டினார்கள். தண்ணீர்க் குழாய் திருத்தம், லைட்டுக் கம்பம், குப்பை லொறி நேரம் மாற்றம், கடைசியில் அதே வரி. ஏழு கண்ணாடிகளும் நல்ல நிலையில்.

டவுனில் வாசித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் இருமினேன். பாலத்தடியில் வாசித்தேன், அங்கேயும் இருமினேன். எங்கள் லயத்துக்குக் கீழே வளைவில் ஆட்டோவை நிறுத்தியபோது இருமலும் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மேலே ஏழு கூரைகள், அதற்கு மேலே ஈரத்தில் கறுத்துப்போன மேடு. என் குசினியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மனைவி உள்ளே நிற்கிறாள்.

"மேட்டு லயத்தில் பொருத்தப்பட்டுள்ள ஏழு கண்காணிப்புக் கண்ணாடிகளும்..." என்று தொடங்கினேன். ஸ்பீக்கர் மட்டும் "ம்ம்ம்" என்று இரைந்துகொண்டிருந்தது. பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"நாலாம் வீட்டுக் கண்ணாடி ஒடஞ்சி போச்சு. ரெண்டு தடவ. மொத தடவ ஒடஞ்சப்ப கல்யாணப் போட்டோக் கண்ணாடிய ஒடச்சி ஒட்டுனது நான்தான். குசினியில யாரும் நிக்க வேணாம். வெளியில வாங்க."

ஐந்தாம் வீட்டுக் கதவு படார் என்று திறந்தது.

"மைக்க நிப்பாட்டுங்க மச்சான்! ஊரே கேக்குது!"

நான் மைக்கிலேயே பதில் சொன்னேன். "நீ நானா கடைக்கு ரெண்டு தடவ போனத அவரு சொல்லிட்டாரு மச்சான்."

மூன்றாம் வீட்டில் யாரோ சிரித்தார்கள். "சிரிக்காதீங்க, நீங்களும் போயிருக்கீங்க" என்றேன். சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். கடைசி வீட்டு அக்கா கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தார். திறந்து காட்டினார். மூன்று தடவை உடைந்த துண்டுகள், அந்தந்த நாளை எழுதிய கடதாசியில் தனித்தனியாகச் சுற்றி. எறிய மனசு வராதவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

"அக்கா, மூணு தடவ ஒடஞ்சும் ஏன் வாயத் தொறக்கல?"

"ஒங்க வாயிதானே தம்பி வாராவாரம் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிச்சு? எங்க வீட்டுச் செவருதான் பொல்லாததுன்னு நெனச்சேன். என் ஒருத்தியால எதுக்கு எல்லாரும் பள்ளிக்கூடத்துல போயி கெடக்கணும்?"

மனைவி கையில் கரண்டியோடு படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அதுக்குத்தான் ஹெல்மெட்டா?"

தலையாட்டினேன்.

"ஒங்க தலைக்கு ஹெல்மெட்டு. ரொட்டி தட்டுனவ தலைக்கு?"

மைக் இன்னும் ஆனில் இருந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் அது போயிருக்கும்.

மிஸ்ஸின் நம்பரை இந்தத் தடவை கடைசி இலக்கம் வரை அடித்தேன். அவர் வந்து சேர்ந்தபோது ஒரு படங்குச் சாக்கை விரித்து, வீட்டு வரிசைப்படி உடைந்த துண்டுகளை அடுக்கி வைத்திருந்தோம். பால்மா டின், சாப்பாட்டுப் பெட்டி, மச்சான் ஒளித்து வைத்திருந்த சவர்க்காரப் பெட்டி, எல்லாம் காலி. மிஸ் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தார். பிறகு ஏழு குசினிக்குள்ளும் போய், நாங்கள் ஒட்டியதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நாலாம் வீட்டில் இருப்பது நான் எழுதியதா, நீங்கள் எழுதியதா?"

"நான்தான் மிஸ்."

"எனக்கே தெரியவில்லை" என்றார். வெட்கப்பட வேண்டிய இடம். ஒரு நொடி பெருமைப்பட்டுவிட்டேன்.

"ஏன் ஐயா மறைத்தீர்கள்?"

மச்சான் கையைத் தூக்கி எதிர் மலையைக் காட்டினான். மிஸ் திரும்பினார். மானாப்புல்லை நிறைய நேரம் பார்த்தார். அது எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி வீட்டுப் பக்கமிருந்துதான் மேடு நகர ஆரம்பித்திருக்கிறது என்று துண்டுகளின் நாட்களை வைத்துச் சொன்னார். நாளைக்கு இல்லை, இப்போதே இறங்குங்கள் என்றார். பக்கத்துப் பிள்ளைமடுவத்தைத் திறக்க ஏற்பாடு செய்தார். பகலில் தோட்டத்துத் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடம் அது. குழந்தைகளை இன்னொரு அறைக்கு மாற்றினார்கள்.

இறங்கினோம். உயிர் தப்ப ஓடுகிற ஆட்கள் மாதிரியா இறங்கினோம்? மச்சான் கதவைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டான். மூன்றாம் வீட்டில் ஜன்னல் வந்தது. நான் மிஸ்ஸிடம் மார்க்கரை இரவல் வாங்கி, கூரைத் தகரங்களில் எட்டிய இடமெல்லாம் எங்கள் வீட்டு நம்பரை எழுதினேன். "ஐயா, சீக்கிரம்" என்று அவர் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார். அவரும் எதிர் மலையைப் பார்த்தவர்தானே, அதனால்தானோ என்னவோ, மார்க்கரைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம் மேடு வந்தது. கருங்கல் லொறி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம், பிறகு நீளமாக ஒரு மூச்சு. ஓடிப்போய்ப் பார்த்தோம். கடைசி வீட்டுக் குசினி இல்லை. அடுத்தடுத்த குசினிகளும் இல்லை. என் குசினி முதல் தடவையாகக் கோணல் இல்லாமல், நேராகத் தரையில் படுத்திருந்தது. அடுப்பு இருந்த இடத்தில், ஒரு ஆள் உயரத்துக்குச் சிவப்பு மண்.

மனைவி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள். என் தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றினாள். அதை எப்போது மாட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. தன் தலையில் போட்டுக்கொண்டு பிள்ளைமடுவத்தைப் பார்த்து நடந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமைத் தாளில் எங்களுக்கு நாலு வரி இருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஏழு குடும்பங்கள் தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டுள்ளன. தடுப்புச் சுவரும் வடிகானும் விரைவில் கட்டப்படும். பொதுமக்கள் பதற்றமடையத் தேவையில்லை. ஜன்னலில் இருந்த கிளார்க்கிடம், "எத்தன வாரம்?" என்று கேட்டேன். "மூணு" என்றார். எதிர் மலை ஆட்களுக்கும் அதே மூன்றுதான் சொன்னார்கள்.

வாசித்தேன். நாலு வரியும் முடிந்ததும் தாளில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: "ஏழு குடும்பங்களும் பிள்ளைமடுவத்தில் இருக்கின்றன. இது முதலாவது வாரம்."

அடுத்த வெள்ளி, இரண்டாவது வாரம். அடுத்தது, மூன்றாவது. சபைக் கட்டடத்துக்கு முன்னால் மட்டும் ஆட்டோ கொஞ்சம் மெதுவாகப் போகும், சத்தம் கொஞ்சம் கூடும். நாலாவது வாரம் கிளார்க் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"எழுதிக் குடுத்தத மட்டும் வாசிங்க. இல்லாததச் சேர்க்க வேணாம்."

"எழுதிக் குடுத்தத மட்டும் வாசிச்சுத்தான் சேர் ஏழு வீடும் மண்ணுக்குள்ள போகப் பாத்திச்சு" என்றேன்.

அடுத்த வாரம் இந்த வேலை என் கையை விட்டுப் போகும் என்றுதான் நினைத்தேன். புதிதாக ஒருவன் ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறான் என்றும் காதில் விழுந்தது. போகும்போதே பதிலை யோசித்துக்கொண்டு போனேன். கிளார்க் தாளை நீட்டினார். வழக்கமாக டைப் அடித்த வரிகள். அவற்றுக்குக் கீழே, பேனையால் எழுதிய ஒரு வரி: "மேட்டு லயத்தின் ஏழு குடும்பங்களும் பிள்ளைமடுவத்தில் உள்ளன. இது 5ஆவது வாரம். 4ஆம் இலக்க வீட்டின் பின்புறம் முதலில் தடுப்புச் சுவர் தொடங்கும்."

கள்ள எழுத்தாக இருக்குமோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. நாலுக்கு மேல்பக்கம் மூடி இல்லை, மிஸ்ஸின் கவிழ்த்து வைத்த நாற்காலியேதான்.

வளைவில் ஆட்டோவை நிறுத்திவிட்டு மேலே ஏறிப் போனேன். மண்ணை வழித்த இடத்தில் ஒரு லொறிக் கருங்கல் கொட்டியிருந்தது. முந்தின நாள் அது இல்லை. காலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தேன், உள்ளே ஏதும் பொள்ளல் இருக்குமோ என்று. பிறகு கீழே இறங்கி மைக்கை எடுத்து, ஐந்தாவது வாரம் என்று வாசித்தேன்.